மூன்று மணி பஸ்ஸும் நான் உரித்த பிலிமும்

கைபேசி பழுதுபார்க்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மூன்று பேர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் காபி குடித்தார். ஒருவர் என் மின்விசிறி ஏன் கத்துகிறது என்று விளக்கினார். மூன்றாமவர் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அந்தக் காலத்தில் எப்படி ரிப்பேர் செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அதை எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். எப்படிக் கெடுத்தேன் என்று எழுதுகிறேன். அதில் எனக்கு அனுபவம் அதிகம்.

இன்றைக்கு டிஸ்ப்ளே போய்விட்டால் முழுசாகக் கழற்றி வீசிவிட்டுப் புதுசு மாட்டிவிடுகிறீர்கள். அந்தக் கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் "அது காம்போ சார், எல்லாம் சேர்ந்தே வரும்" என்கிறீர்கள். நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு நல்ல மனிதர் வேலையை இழக்கப் பார்த்தார்.

எழுபதுகளில் திருச்செங்கோடு பஸ் நிலையத்துக்கு எதிரில், டீக்கடைக்குப் பக்கத்தில், என் வாட்ச் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மேஜை, ஒரு கண்ணாடிப் பெட்டி, நான். சாவி கொடுக்கும் கடிகாரங்கள்தான் தொழில். ரிக் லாரிக்காரர்கள் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் தூசியோடு கொண்டுவருவார்கள். உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டினால் தொட்டி வைத்துச் செடி வளர்க்கலாம்.

அந்தப் பத்தாண்டு முடியப்போகும் சமயத்தில் எடப்பாடியிலிருந்து ஒரு நூல் வியாபாரி ஒரு கால்குலேட்டரைக் கொண்டுவந்தார். சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்தது. அதில் எண்கள் பால் நிறத்தில் தெரியும். ஒரு எண் பாதி வரவில்லை. திறந்து பார்த்தேன். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஏதோ ஈரம். வேறொன்றும் இல்லை. மேலே ஒரு காகிதம்கூட ஒட்டியிருக்கவில்லை.

சேலம் கடைவீதியில் வாட்ச் உதிரிபாகம் விற்கும் ஒரு பாய் இருந்தார். அவர் பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவர். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டோம். அவரிடம் எடுத்துப்போனேன். உள்ளே இருக்கும் திரவம் சும்மா இருக்கும்போது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், கரண்ட் பட்ட இடத்தில் மட்டும் கலங்கிப்போகும், கலங்கிய இடத்தில் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும், அதனால் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது என்று சொல்லித் தந்தார். தெளிந்த தண்ணீரில் சொட்டுப் பால் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. புரிந்துவிட்டது. கால்குலேட்டரையும் சரிசெய்துவிட்டேன், ஒரு கம்பி விட்டிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு கம்பியை ஒட்டிய மறுவாரம் "எலக்ட்ரானிக் வாட்ச் ஸ்பெஷலிஸ்ட்" என்று போர்டு எழுதி மாட்டினேன். பெயிண்டர் எவ்வளவு பெரிதாக எழுத என்று கேட்டார். சேலம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்றேன். தெரிந்தது. பின்னால் அதற்காக மிகவும் வருந்தினேன்.

இனி டைம்கீப்பர் அர்த்தநாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்தில் வண்டிகள் குறித்த நிமிஷத்தில் கிளம்புகிறதா என்று பார்த்து விசில் ஊதுவது அவர் வேலை. சேலத்துக்கு மூன்று மணிக்கு ஒரு பச்சை பஸ், மூன்று ஐந்துக்கு ஒரு மஞ்சள் பஸ். இரண்டும் தனியார் வண்டிகள், இரண்டு முதலாளிகள். பச்சை பஸ் ஒரு நிமிஷம் பிந்திக் கிளம்பினால் மஞ்சள் பஸ்ஸுக்காக வழியில் வந்து நிற்கும் ஆட்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகையால் அந்த ஒரு நிமிஷத்துக்காகச் சட்டையைப் பிடிக்கும் சண்டை தினமும் நடக்கும். பச்சை பஸ் டிரைவர் துரைசாமியும் மஞ்சள் பஸ் கண்டக்டர் சாகுலும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர்தான் பந்தி பரிமாறுவார். ஆனால் மூன்று மணிக்கு இருவரும் ஒருவரையொருவர் தெரியாது என்பார்கள்.

அர்த்தநாரியின் பழைய வாட்ச்சில் முள் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்பார் துரைசாமி. அந்தப் பக்கம் என்பார் சாகுல். இது தீராது என்று கண்டு, இரண்டு முதலாளிகளும் சேர்ந்து ஒரு டிஜிட்டல் வாட்ச் வாங்கிக் கொடுத்தார்கள். கறுப்பு எண்ணில் மணி எழுதியே காட்டிவிடும். அதற்கு ஒரு சடங்கும் ஏற்பட்டது. கிளம்பும் நேரத்தில் அர்த்தநாரி கையை நீட்டுவார். துரைசாமி ஒரு பக்கமிருந்தும் சாகுல் ஒரு பக்கமிருந்தும் குனிந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். பிறகுதான் விசில். ஒரு வருஷம் பஸ் நிலையம் கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. டீக்கடைக்காரருக்குத்தான் வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் குறைந்துபோனதில் வருத்தம்.

ஒரு நாள் மத்தியானம் அர்த்தநாரி பஸ் படிக்கம்பியில் கையை இடித்துக்கொண்டார். வாட்ச்சின் மேல்மூடி உடைந்து உள்ளேயும் கீறிவிட்டது. மூன்றா எட்டா என்று தெரியவில்லை. கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். மூன்று மணிக்குள் வேண்டும் என்றார். "ஸ்பெஷலிஸ்ட் நீங்க இருக்கீங்க, எனக்கென்னுங்க கவலை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மூடியைக் கழற்றினேன். எண் தெரியும் கண்ணாடியின் மேல் மெல்லிசாக ஒரு பிலிம் ஒட்டியிருந்தது. கீறல் அதன் மேல்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் புதுச் சாமான் வாங்கினால் மேலே ஒட்டிவரும் பிளாஸ்டிக்கை உரிக்க மாட்டோம் அல்லவா? சைக்கிள் கம்பியில் சுற்றிய காகிதம் துரு ஏறும்வரை இருக்கும். அர்த்தநாரி வீட்டு ரேடியோவே வாங்கி ஆறு வருஷமாகியும் பாலித்தீன் பைக்குள்ளிருந்துதான் பாடிக்கொண்டிருந்தது. இந்த வாட்ச் செய்த ஊர்க்காரனும் நம்ம ஆள்தான் போலிருக்கிறது, உரிக்க மனசில்லாமல் அப்படியே மூடிவிட்டான் என்று முடிவு கட்டினேன். கால்குலேட்டரில் பிலிம் இல்லையே, அது இல்லாமலே எண் தெரிந்ததே என்பது என் மேதாவித்தனம். பிளேடு நுனியால் ஒரு ஓரத்தைக் கிளப்பி ஒரே இழுப்பாக இழுத்தேன். அழகாக உரிந்து வந்தது. பிசின் கையில் ஒட்டியது. கசக்கிக் குப்பையில் போட்டேன். ஸ்பிரிட் தொட்டுக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பெருமையோடு பார்த்தேன்.

எண்ணே இல்லை.

வெறும் வெள்ளிக் கண்ணாடி. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது. காதில் வைத்து இன்னொரு பட்டனை அழுத்தினால் கீச்சென்கிறது. உயிர் இருக்கிறது, முகம் இல்லை. எண்ணுக்குக் கரண்ட் கொண்டுபோகும் ரப்பரைத் தள்ளிப் பார்த்தேன், பேட்டரியை அமுக்கிப் பார்த்தேன், கடைசியில் சாமியையும் கும்பிட்டுப் பார்த்தேன். மணி இரண்டரையைத் தாண்டிவிட்டது. வேர்வை சட்டைக்குள் வடிந்தது. புது மூடியை மாட்டிக் கையில் வைத்துக்கொண்டு, என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன்.

அர்த்தநாரி வந்துவிட்டார். கண்ணில் கூலிங் கிளாஸ். துபாயில் இருக்கும் மருமகன் அனுப்பியது. நல்ல வெயிலில் பஸ் கண்ணாடி அடிக்கும் கூச்சமே தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வாட்ச்சை எடுத்துக் கட்டிக்கொண்டு, கையை ஒரு திருப்பு திருப்பி, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்.

"ரெண்டு அம்பத்தி ரெண்டு. முன்னைக்கு இப்பப் பளிச்சுன்னு இருக்குதுங்க" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. என் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்: இரண்டு ஐம்பத்திரண்டு. எட்டி அவர் கையைப் பார்த்தேன்: வெறும் கண்ணாடி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வார்த்தை கூட இல்லை. சொல்லவில்லை. அவருக்குத் தெரிகிறது, அவர் திருப்தி, நாம் ஏன் கிளற வேண்டும் என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றுதான் இருந்தது.

எட்டு நிமிஷம் கழித்து வழக்கம்போல் கையை நீட்டினார். துரைசாமி குனிந்தார். சாகுல் குனிந்தார். இருவரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவே ஒரு அதிசயம். கடையிலிருந்து எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. வெறும் கண்ணாடியைக் காட்டுகிறீர்களே என்றார் துரைசாமி. மூணு மணின்னு எழுதியிருக்குது, கண்ணு தெரியலயா என்றார் அர்த்தநாரி. சாகுல் அவர் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பயணிகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அர்த்தநாரி ஒருவருக்கு மட்டும் மணி தெரிந்தது.

இல்லாத மணியை இருப்பதாகச் சொல்கிறார், இத்தனை நாளும் இப்படித்தான் இஷ்டத்துக்கு ஊதியிருப்பார் என்று பேச்சு கிளம்பியது. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத பச்சையும் மஞ்சளும் அன்றைக்கு ஒன்று சேர்ந்தன. நாளைக் காலை ஒன்பது மணிக்கு இரண்டு முதலாளிகளும் வருவார்கள், வாட்ச்சை அவர்கள் பார்க்கட்டும், மணி தெரியவில்லை என்றால் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. அர்த்தநாரி விசிலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு டைம்பீஸின் உள்ளே தலையை விட்டுக்கொண்டேன்.

பிறகு கடையைச் சாத்திவிட்டு ஓடிப்போய் அந்த மஞ்சள் பஸ்ஸிலேயே ஏறினேன். சேலம் போய்ச் சேரும்வரை சாகுல் என் பக்கத்தில் நின்றுகொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அர்த்தநாரி எப்படி நடிக்கிறார் என்று விவரித்துக்கொண்டே வந்தார். "உங்ககிட்டத்தானுங்க ரிப்பேருக்குக் குடுத்தாராமா? நல்லாத்தானே பண்ணிக் குடுத்தீங்க?" என்றார். நான் தலையாட்டினேன். பஸ் ஆட்டத்தில் தலை தானாக ஆடியது என்று பிற்பாடு மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பாய் முழுக் கதையையும் கேட்டார். "பிலிமை உரிச்சுட்டீங்களா" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு போஸ்ட் கார்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கம்பிகள் நெட்டுக்குத்தாக இருந்தன. கார்டை நெட்டுக்குப் பிடித்து நீட்டினார். கம்பிச் சந்தில் நுழைந்தது. படுக்கைவாட்டில் பிடித்து நீட்டினார், முட்டி நின்றது. இந்த வாட்ச்சில் திரவம் கலங்குவதில்லை, வெளிச்சத்தைச் சிதறடிப்பதும் இல்லை என்றார். முன்னால் ஒரு பிலிம், பின்னால் ஒரு பிலிம், இரண்டும் இந்தக் கம்பி மாதிரி. முன்னால் நெட்டுக்குத்து, பின்னால் படுக்கை. நடுவில் இருக்கும் திரவம் நெட்டாக வரும் வெளிச்சத்தைக் கார்டு மாதிரிப் படுக்கைக்குத் திருப்பிவிடும். அது பின்னால் நுழைந்து, தகட்டில் பட்டு, வந்த வழியே திரும்பும். கரண்ட் பட்ட இடத்தில் திருப்பாது. அங்கே வெளிச்சம் பின் பிலிமில் முட்டும், பிலிம் அதை விழுங்கிவிடும்.

"கறுப்பு எண்ணுன்னு ஒண்ணு உள்ள கிடையாதுங்க. வெளிச்சம் செத்த இடம்தான் நமக்கு எண்ணாத் தெரியுது" என்றார்.

முன் பிலிமை நான் உரித்துவிட்டதால் எல்லா வெளிச்சமும் கலந்துகட்டி உள்ளே போய், எண் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒரே அளவாகத் திரும்பி வருகிறது. எண் இருக்கும் இடத்து வெளிச்சம் படுக்கைக்கும் மற்ற இடத்து வெளிச்சம் நெட்டுக்குமாகத்தான் வருகிறது. ஆனால் மனிதக் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. "அவரு கூலிங் கிளாஸ் போட்டிருந்தாருங்களா?" என்று கேட்டார். போட்டிருந்தார் என்றேன். பெட்டிக்குள்ளிருந்து அதே மாதிரி ஒரு கண்ணாடியை எடுத்துக் காட்டினார். நான் உரித்துக் குப்பையில் போட்ட அதே பிலிம்தான் அதிலும் இருந்தது. நான் உரித்ததை மருமகன் மாமனாரின் மூக்கின் மேல் மாட்டி அனுப்பியிருக்கிறார்.

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. பாய் சிரிக்கவில்லை. செத்துப்போன, பிலிம் வைத்த புது மாதிரிக் கால்குலேட்டர் ஒன்றிலிருந்து பிலிமை நோகாமல் எடுத்து, அளவாக வெட்டி, எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று ஒரு புள்ளி வைத்துத் தாளில் மடித்துக் கொடுத்தார்.

"இதை ஒட்டுனா வாட்ச் சரியாயிடும். அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா நாளைக்கு எல்லாருக்கும் மணி தெரிஞ்சுதுன்னா, இன்னைக்கு அந்த மனுசன் என்னமோ பண்ணி மறைச்சாருன்னுல்ல ஆகும்?" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, என் நாற்பது வருஷத் தொழிலில் இதைவிடக் கடினமான கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான் ரகசியமாக ஒட்டிக் கொடுத்தால் என் போர்டு பிழைக்கும். வாட்ச் பிழைக்கும். அர்த்தநாரி பொய்யர் என்பது உறுதியாகும். பொருளைச் சரிசெய்வதாலேயே ஒருவரைக் கெடுத்துவிட முடியும் என்று அன்றைக்கு வரை எனக்குத் தோன்றியதில்லை. திரும்பும் பஸ்ஸில் சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. இறங்கி நேரே அர்த்தநாரி வீட்டுக்குப் போயிருக்கலாம். நேரமாகிவிட்டது என்று என் வீட்டுக்குப் போனேன். நேரம் ஒன்றும் ஆகவில்லை. பயம்தான்.

காலையில் கடையைத் திறக்கும்போது அர்த்தநாரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கூலிங் கிளாஸ் சட்டைப் பையில் இருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

"சாமி, என்ற கண்ணுல என்னமோ ஆயிப்போச்சுங்க" என்றார்.

பொழுதோடு வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைக் கழற்றினாராம். வாட்ச்சில் மணியைக் காணோம். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார், மறுகண்ணைப் பொத்திப் பார்த்தார். தூங்கவில்லை. துரைசாமியும் சாகுலும் சொன்னதுதான் சரி, இல்லாத மணி தன் கண்ணுக்கு மட்டும் தோன்றியிருக்கிறது, கண்ணோ மூளையோ கெட்டுவிட்டது என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். முதலாளிகள் கேட்பதற்கு முன்னால் விசிலைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. முதல் நாள் வந்ததெல்லாம் பயம். இது வேறு. அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, பிலிம் உரித்தது, குப்பையில் போட்டது, வாயை மூடிக்கொண்டு இருந்தது, பஸ்ஸில் தலையாட்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். தாளைப் பிரித்துப் பிலிமைக் காட்டினேன். அவர் கூலிங் கிளாஸைப் போட்டு வாட்ச்சைப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார். மறுபடி போட்டார். ஆறேழு தடவை இப்படிச் செய்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நேத்தைக்கு நான் மணி சொன்னப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியலைல்லீங்க? அப்பவே சொல்லியிருந்தா நான் ராத்திரி கண்ணப் பொத்திப் பொத்திப் பாத்திருக்க மாட்டேனுங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் மறந்துபோயிருப்பேன்.

ஒட்டித் தருகிறேன், ஐந்து நிமிஷம் என்று பிளேடைத் தேடினேன். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். முகம் மாறிவிட்டது. கண் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் பழைய அர்த்தநாரி திரும்பி வந்துவிட்டார். "இருக்கட்டுமுங்க. அவிகளும் ஒரு தடவ பாக்கட்டும்" என்றார்.

ஒன்பது மணிக்குப் பஸ் நிலையத்தில் நிற்க இடமில்லை. டீக்கடைக்காரர் கூடுதலாக இரண்டு பெஞ்சு போட்டிருந்தார். அர்த்தநாரி கையை நீட்டினார். முதலாளிகள் இருவரும் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார்கள். துரைசாமியும் சாகுலும் ஒரே குரலில் பார்த்தீர்களா என்றார்கள். அர்த்தநாரி கூலிங் கிளாஸைக் கழற்றி, மாப்பிள்ளைக்கு மாலை போடுவதுபோல, துரைசாமிக்கு மாட்டிவிட்டார். தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார்.

துரைசாமி சாய்த்தார். வாய் பிளந்தது. ஒன்பது பத்து, கறுப்பு எழுத்து என்றார். சாகுல் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுத் தலையை எதிர்ப்பக்கம் சாய்த்தார். ஒன்பது பத்துதான், ஆனால் எழுத்து வெள்ளை, சுற்றிலும்தான் கறுப்பு என்றார். கறுப்பு என்றார் துரைசாமி. வெள்ளை என்றார் சாகுல். தலை சாய்ந்த பக்கம் மாறினால் அந்தக் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும், அவ்வளவுதான். மணி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனாலும் கால் மணி நேரம் சண்டை நடந்தது. இரண்டு முதலாளிகளும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தடவை தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு பயணிகள். இரை தேடும் கோழி மாதிரிப் பஸ் நிலையமே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

கடைசியில் மூத்த முதலாளி, இது எப்படி இப்படி ஆனது என்று கேட்டார். அர்த்தநாரி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வானத்தைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்ததில் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"நான்தானுங்க உரிச்சேன். அது என்னன்னு தெரியாம உரிச்சேன். தெரியலைன்னு சொல்லாமயும் விட்டுட்டேன். இவரு மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்றேன்.

எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பி என் போர்டைப் பார்த்தார்கள். பெரிய எழுத்து. நன்றாகத் தெரிந்தது. முதலில் சிரித்தது சேலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஒருவர். அதற்குப் பிறகு யார் சிரித்தார்கள் என்று நான் எண்ணவில்லை.

அங்கேயே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பிலிமை ஒட்டினேன். எண் வந்தது. எனக்கு என்ன தண்டனை என்று முதலாளிகள் யோசித்தபோது அர்த்தநாரி தானே சொன்னார்: ஒரு மாதம் தினமும் மூன்று மணிக்கு நான் கடையை விட்டு வந்து அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். துரைசாமி, சாகுல் இருவரும் பார்ப்பதற்கு முன்னால் என் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

போனேன். "மூணு மணிங்க" என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி சொல்லிவிட்டு வருவேன். பஸ் ஏற வரும் ஒரு மீன்கூடைக்காரம்மா தினமும் என்னைப் பார்த்து, இன்றைக்கு எதை உரித்தீர்கள் என்று கேட்பார். இரண்டாம் வாரம் ஒரு நாள், அர்த்தநாரி முகம் கழுவும்போது வாட்ச்சைக் கழற்றிப் பச்சை பஸ்ஸின் என்ஜின் மூடிமேல் வைத்துவிட்டார். சேலத்திலிருந்து அப்போதுதான் வந்து நின்ற வண்டி. மூடியில் தோசை சுடலாம். எடுத்துப் பார்த்தால் வாட்ச் முகம் முழுவதும் மை பூசியதுபோல் கறுப்பு. என்னை முன்னால் தள்ளினார்கள். சாகுல் தன் பெரிய கைக்கடிகாரத்தைப் பார்த்து, மணி ஆகிவிட்டது, ஊதுங்கள் என்றார். இன்னும் ஆகவில்லை என்றார் துரைசாமி. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சுமாராக மூன்று மணி இருக்கும் என்று எனக்கும் தெரியும். மூணு என்று சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது. சூட்டில் அந்தத் திரவம் வெளிச்சத்தைத் திருப்பும் குணத்தை இழந்துவிடும், அதனால் பிலிம் மொத்த வெளிச்சத்தையும் விழுங்குகிறது, ஆறினால் திரும்பி வரும் என்று பாய் முன்பே சொல்லியிருந்தார். ஈரத்துண்டில் சுற்றி வைத்துக் காத்திருந்தோம். கறுப்பு ஓரத்திலிருந்து மெதுவாகக் கலைந்து எண் வந்தது: இரண்டு ஐம்பத்தொன்பது. சாகுல் தன் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டார். ஒரு நிமிஷம் கழித்து நான் மூணு என்றேன். விசில் ஊதினார்.

மாதம் முடிந்தது. கடைசி நாளில் அர்த்தநாரி என் கையைப் பிடித்துக் குலுக்கி, போதுமுங்க என்றார். மறுநாள் நான் நிம்மதியாகக் கடையில் உட்கார்ந்து ஒரு கடிகாரத்தைப் பிரித்து வைத்திருந்தேன். சக்கரங்கள் எல்லாம் தாளில் பரப்பியிருந்தன. மணி மூன்றானது. விசில் சத்தம் வரவில்லை. மூன்று இரண்டானது. நிமிர்ந்து பார்த்தேன். சாகுல் வெயிலில் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"பஸ்ஸு நிக்குதுங்க. நீங்க வந்து பாத்துச் சொன்னாத்தான் எடுப்பேன்னு துரைசாமி உக்காந்திருக்கான்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நானும் அதத்தானுங்க சொன்னேன்" என்றார்.

ட்வீசரைப் போட்டுவிட்டு ஓடினேன். அன்றைக்கு மூன்று மணி பஸ் மூன்று நாலுக்குத்தான் கிளம்பியது. நாலு முழு நிமிஷம். யாரும் சண்டை போடவில்லை.